ஆற்று நீரைச் சோதித்தால் போதுமா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த நாள்களில் தருமபுரி மாவட்டத்தின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நண்டு பிடிப்பவர்களைப் பார்க்கலாம். வளைக்குள் கைவிட்டு நண்டை இழுப்பதில் சிறுவர்களுக்குத் தனித் தேர்ச்சி உண்டு. பெண்கள் கூடையில் நத்தை பொறுக்குவார்கள். சளி பிடித்தால் நண்டை உரலில் இடித்துச் சாற்றை வடிகட்டி, மிளகும் சீரகமும் சேர்த்து ரசம் வைப்பதும், மூலநோய்க்கு நல்லது என்று நத்தைக்கறி சமைப்பதும் இங்கு மட்டுமன்றித் தமிழகத்தின் உள்மாவட்டங்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம். கடல் இல்லாத மாவட்டத்தில் நண்டைப் பற்றியும் நத்தையைப் பற்றியும் என்ன பேச்சு என்று கேட்பவர்கள், கூலி வேலை கிடைக்காத மழைநாளில் காசு கொடுக்காமல் கிடைக்கும் புரதம் இதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த உணவைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டியது தருமபுரியின் நிலப்படம். பெங்களூரு மேட்டு நிலத்தின் மீது அமைந்த நகரம். அதன் கழிவுநீர் இரண்டு திசைகளில் இறங்குகிறது. கிழக்குப் பக்கத்துக் கழிவுகள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையை அடைகின்றன. நுரை பொங்கியதற்காகவும், தண்ணீரின் மேலேயே தீப்பற்றி எரிந்ததற்காகவும் 2015 முதல் உலகச் செய்திகளில் இடம்பெற்ற பெல்லந்தூர் ஏரி இதுதான். அந்த ஆறு ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி அணையைக் கடந்து, இருமத்தூர் வழியாக அரூர் வட்டத்தைத் தொட்டுச் சாத்தனூருக்குச் செல்கிறது. மேற்குப் பக்கத்தில் பீன்யா தொழிற்பேட்டை உள்ளிட்ட பகுதிகளின் கழிவைச் சுமக்கும் விருஷபாவதி, அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி மேக்கேதாட்டுக்கு அருகில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரி தமிழகத்துக்குள் நுழைந்ததும் விழுவது ஒகேனக்கல்லில். ஆக, ஒரு பெருநகரின் இரண்டு வடிகால்களுக்கும் கீழ்ப்புறத்தில் அமைந்த மாவட்டம் தருமபுரி.

கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலிருந்து வெண்ணுரை மலைபோல் பொங்கும் படங்கள் மழைக்காலம்தோறும் நாளிதழ்களில் வருகின்றன. நுரை கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. எனக்குக் கவலை அளிப்பது கண்ணுக்குத் தெரியாதது. மின்முலாம் பூசும் பட்டறைகள், மின்கலத் தொழில், சாயம், பழைய மின்னணுப் பொருள்களை உடைத்து உலோகம் பிரிக்கும் கூடங்கள் ஆகியவற்றின் கழிவில் காரீயம், காட்மியம், குரோமியம், நிக்கல் போன்ற கன உலோகங்கள் இருக்கும். இவை நீரில் நெடுநேரம் மிதப்பதில்லை. களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். அணைகளில் இப்படிவு இன்னும் அதிகம். எனவே, மேலே ஓடும் நீரை ஒரு குப்பியில் பிடித்துச் சோதித்தால் முடிவு திருப்தியாக இருக்கலாம். வெள்ளம் வந்து வண்டலைக் கலக்கும்போது நிலைமை மாறும். வண்டலிலேயே பிறந்து, வண்டலையே மேய்ந்து வாழும் உயிர்களுக்கோ நிலைமை எப்போதும் ஒன்றுதான்.

நமது கண்காணிப்பு முறையிலும் ஒரு குறை உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை வரிசைப்படுத்துவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவீட்டைக் கொண்டு. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதல் வரிசை. சாக்கடையின் அளவை அறிய இது நல்ல அளவுகோல்தான். ஆனால், அழுகக்கூடிய பொருள் எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்லும். உலோகம் அழுகுவதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகி, இந்த எண் குறைந்து, ஆறு பட்டியலிலிருந்து நீங்கினாலும் அடியில் படிந்த காட்மியம் அங்கேயேதான் இருக்கும்.

நீருக்கும் தட்டுக்கும் இடையில் நிற்பவை ஓடுடைய உயிர்கள். மட்டியும் சிப்பியும் நீரை உறிஞ்சி, அதிலுள்ள துகள்களை வடிகட்டி உண்டு, மீதி நீரை வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரை இவ்வாறு வடிக்கும். நீரோடு வரும் உலோகத்தில் ஒரு பங்கு உடலில் தங்கிவிடுகிறது. நண்டும் நத்தையும் வண்டலைத் துழாவி உண்பதால் வேறு வழியில் அதே நிலையை அடைகின்றன. உலோகத்தின் நச்சிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இவ்வுயிர்களுக்கு இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. காட்மியம் போன்றவற்றை ஒருவகைப் புரதத்தால் பிணைத்து, செரிமானச் சுரப்பியில் ஒதுக்கி வைத்துவிடும். நண்டு சாகாமல் நலமாகவே நடமாடும். அதனால்தான் மாசடைந்த இடத்து நண்டு நோயுற்றதாகத் தெரிவதில்லை. நிறம், மணம், சுவை எதிலும் வேறுபாடு இருக்காது.

விஞ்ஞானிகள் இந்தக் குணத்தையே கருவியாக்கிக்கொண்டார்கள். கடற்கரையோர மாசை அளக்க நீருக்குப் பதிலாகச் சிப்பிகளைச் சோதிக்கலாம் என்று எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-இல் முன்மொழிந்தார். அமெரிக்காவில் 1986 முதல் 'சிப்பிக் கண்காணிப்பு' அரசுத் திட்டமாகவே நடைபெறத் தொடங்கியது. ஒரு நாள் நீர் மாதிரி அந்த ஒரு நாளின் கதையை மட்டும் சொல்லும். சிப்பியின் சதை பல மாதங்களின் கணக்கைச் சொல்லும்.

உண்பவர் உடலில் நடப்பது என்ன? காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அது, சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பில் தங்குகிறது. பின்னாளில் பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து வெளிப்பட்டுக் கருவையும் அடைகிறது. காட்மியம் சிறுநீரகத்தில் சேர்கிறது. அது பாதியளவு குறைவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், இளமையில் உண்டது முதுமை வரை உடன் வருகிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்ட பெண்கள், எலும்பு நொறுங்கும் வலியில் கதறிய ஒலியே 'இத்தாய் இத்தாய்' என்று அந்நோய்க்குப் பெயராயிற்று. மெத்தில் பாதரசம் கருவிலுள்ள சிசுவின் நரம்பு மண்டலத்தைக் குறிவைக்கிறது. கடல் உணவில் காணப்படும் ஆர்செனிக்கை மட்டும் இவற்றோடு சேர்த்துப் பயமுறுத்துவது நியாயமன்று. அதில் பெரும்பகுதி உடலுக்குத் தீங்கில்லாத கரிம வடிவில் இருந்து, சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்த உடல், குடலில் வரும் காட்மியத்தையும் காரீயத்தையும் கூடுதலாக ஈர்த்துக்கொள்கிறது. இரத்தசோகை மிகுந்த ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே அளவு உணவு, வசதியானவர்களுக்குச் செய்வதைவிட அதிகத் தீங்கைச் செய்யக்கூடும்.

சமைத்தால் போய்விடாதா என்ற கேள்வி இயல்பானது. கிருமிகள் கொதியில் சாகும். உலோகம் ஒரு தனிமம். அது கொதித்தாலும் வறுத்தாலும் உலோகம்தான். நத்தையை இரவு முழுவதும் நல்ல தண்ணீரில் போட்டு வைத்துச் சேற்றைக் கக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மண்ணுக்கும் ஓரளவு கிருமிகளுக்கும் அது உதவும். சதையில் பிணைந்துவிட்ட உலோகம் வெளியேற வாரங்கள், மாதங்கள் தேவை.

ஒரு சிறு கணக்கு. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, காட்மியம் மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் வரை போகலாம் என்று 2010-இல் வரையறுத்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மாதத்துக்கு 375 மைக்ரோகிராம். மட்டி, சிப்பி வகைகளில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை காட்மியம் இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரநிலை. ஐரோப்பிய ஒன்றியம் 1 மில்லிகிராமில் நிறுத்திக்கொள்கிறது. கோடெக்ஸ் வரம்பின் உச்சத்தில் இருக்கும் சதையை, வரம்பை மீறியதை அல்ல, 100 கிராம் உண்டால் 200 மைக்ரோகிராம். இரண்டு வேளையில் அந்தக் குழந்தையின் மாதக் கணக்கு தாண்டிவிடும். அரிசியிலும் கீரையிலும் வருவது தனி. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கோ எட்டு வேளை ஆகும். சட்டப்படி சரியான உணவும் யார் உண்கிறார், எத்தனை முறை உண்கிறார் என்பதைப் பொறுத்தே பாதுகாப்பானது ஆகிறது.

நண்டு விஷயத்தில் ஐரோப்பியர்கள் செய்திருக்கும் ஏற்பாடு நம் சமையலறைக்கு நேரடியாகப் பொருந்துவது. அங்கே நண்டுக்கான காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். ஆனால், அது கால், கொடுக்கு ஆகியவற்றின் வெள்ளைச் சதைக்கு மட்டுமே உரியது. ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறப் பகுதியில் காட்மியம் மிக அதிகமாகச் சேர்வதால், அதைக் குறைத்துக்கொள்ளுமாறு ஐரோப்பிய ஆணையம் 2011-இல் நுகர்வோருக்குத் தனி அறிவுரை வெளியிட்டது. மேலே சொன்ன செரிமானச் சுரப்பிதான் அந்தப் பழுப்புப் பகுதி. நம்மூர் வயல் நண்டோ உள்ளங்கையில் அடங்குவது. அதில் வெள்ளைச் சதையைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஆகையால் முழு நண்டையும் இடித்துச் சாறு எடுக்கிறோம். எந்தப் பகுதியை ஒதுக்கச் சொல்கிறார்களோ, அதன் சாரத்தையே சளிபிடித்த பிள்ளைக்கு ஊட்டுகிறோம். தூய நீரில் வாழ்ந்த நண்டாக இருந்தால் இதில் ஒரு குற்றமும் இல்லை. கழிவுநீர் வந்து சேரும் ஆற்றிலோ ஏரியிலோ பிடித்ததாக இருந்தால், குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அந்த ரசத்தைத் தவிர்ப்பது நல்லது என்பேன். பெரியவர்கள் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள், பழுப்புக் குழம்பை நீக்கிவிட்டுச் சமைக்கலாம்.

இவ்வளவுக்கும், தருமபுரியின் நண்டெல்லாம் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. வத்தல்மலை அடிவாரத்து ஓடை நண்டும், ஆலைக் கழிவு வந்து சேரும் குளத்து நண்டும் ஒன்றல்ல. எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி.

உணவுப் பாதுகாப்புத் துறையினர் மீன் சந்தைகளில் சோதனை நடத்துகிறார்கள். கெட்டுப்போன மீனையும் ஃபார்மலின் தெளித்த மீனையும் பறிமுதல் செய்து அழிக்கிறார்கள். பாராட்டத்தக்க பணி. ஆனால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-இன் 18(3)-ஆவது பிரிவு, விவசாயியையும் மீனவரையும் அவர்களது தொழில் நடவடிக்கைகளையும் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. சிறு உற்பத்தியாளரைத் தொல்லையிலிருந்து காக்கும் நல்ல நோக்கம் அது. அதை நீக்கச் சொல்வது நியாயமாகாது. அதன் விளைவு மட்டும் வேறு. தானே பிடித்துத் தானே உண்பவருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் பண்ணை இறாலின் கதை இதற்கு நேர்மாறானது. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், தேசிய எச்சக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அந்த இறாலில் மருந்து எச்சத்தோடு கன உலோகங்களையும் சோதிக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரத்துத் தட்டுக்குப் போகும் இந்திய இறாலுக்குச் சான்று உண்டு. இருமத்தூர்க் குடிசையில் வேகும் நண்டுக்கு இல்லை.

கடலோரத்திலும் இதே கதைதான். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு ஆண்டுக்கணக்கில் கசிந்து பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்தது. இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் வருவாயும் உணவும் ஒரே நேரத்தில் பாழாயின. அப்போது இழப்பீடு பேசப்பட்டது, படலம் அகற்றப்பட்டது. அங்கே பிடிபடும் இறாலையும் மட்டியையும் மாதந்தோறும் சோதித்து முடிவைக் கரையிலேயே எழுதிப் போடும் வழக்கம் ஏற்படவில்லை.

முதலில் நிரூபணம் வரட்டும், பிறகு நடவடிக்கை எடுக்கலாம் என்ற வாதம் எப்போதும் நியாயம்போல் ஒலிக்கும். மினமாட்டா அதற்கு மறுமொழி. ஜப்பானின் அந்த மீனவ ஊரில் நரம்பு நோய் பரவுவது 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. வளைகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்டவர்களுக்கே நோய் வருகிறது என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. பூனைகள்கூட வெறிபிடித்தாற்போல் ஆடிச் செத்தன. உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு அவற்றின் விற்பனையைத் தடுக்கலாமா என்று குமமோட்டோ மாகாணம் 1957-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. வளைகுடாவின் எல்லா மீனும் சிப்பியும் நச்சானவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகவே முடியாது என்று பதில் வந்தது. பாதரசத்தைக் கொட்டியது சிஸ்ஸோ நிறுவனம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் மக்கள் அந்தச் சிப்பியை உண்டுகொண்டுதான் இருந்தார்கள். இத்தனைக்கும் அதே நாட்டில் ஹமனா ஏரியின் மட்டிகளால் சாவு நேர்ந்தபோது, நச்சு எது என்று தெரிவதற்கு முன்பே 1940-களில் விற்பனை தடுக்கப்பட்ட முன்னுதாரணம் இருந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? தருமபுரிக்கே இந்த அனுபவம் உண்டு. நிலத்தடி நீரில் கலந்த ஃபுளூரைடால் பல் பழுப்பேறி, முதுகு கூனி, மூட்டுகள் இறுகிப்போன மனிதர்களை இந்த மாவட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். அந்த நீருக்கும் நிறமில்லை, மணமில்லை. இந்தியாவில் ஃபுளூரைடு நோய் முதன்முதலில் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் நிதியுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013 மே மாதத்தில். நோய் அறியப்பட்டதற்கும் நல்ல நீர் வந்ததற்கும் இடையே 76 ஆண்டுகள். வளைந்த எலும்பை எந்தக் குடிநீர்த் திட்டமும் நிமிர்த்தப் போவதில்லை. அந்தத் திட்டத்துக்கு நீர் தரும் காவிரியும் விருஷபாவதியின் கழிவு வந்து சேரும் ஆறுதான் என்பதால், குடிநீர் சுத்திகரிப்பில் காட்டும் கவனத்தை ஆற்று உயிர்களின் மீதும் காட்டுவது அரசின் சொந்த முதலீட்டைக் காப்பதும் ஆகும்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமன்று. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, இருமத்தூர், அரூர் வட்டத்தின் ஆற்றங்கரைகள், ஒகேனக்கல் ஆகிய இடங்களிலும், ஒப்பீட்டுக்கு வத்தல்மலைப் பக்கத்து ஓடை ஒன்றிலும் ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், நண்டு, நத்தை, மட்டி, அடிவண்டல் ஆகியவற்றின் மாதிரிகளை எடுக்க வேண்டும். காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம் ஆகிய நான்கையும் அளக்க வேண்டும். நண்டில் சதை வேறு, செரிமானச் சுரப்பி வேறு என்று பிரித்து அளக்க வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி காட்டினால் உண்மை மறைந்துவிடும். சேலத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன்வளத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை ஆகிய மூன்றும் ஒருவரையொருவர் கைகாட்டாமல் இருக்க, மாவட்ட ஆட்சியரே இப்பணிக்குப் பொறுப்பேற்பது நல்லது.

முடிவுகளை வெளியிடும் இடமும் முக்கியம். இணையதளத்தின் ஒரு மூலையில் ஆங்கில அட்டவணையாக ஏற்றிவிட்டால் நண்டு பிடிப்பவருக்கு அது எட்டாது. ஊராட்சி அலுவலகப் பலகையிலும் நியாயவிலைக் கடையிலும் 'இந்த ஏரி நண்டைக் குழந்தைகளுக்குத் தர வேண்டாம்', 'இந்த ஓடை நண்டை உண்ணலாம்' என்று தமிழில் எழுதிப் போடலாம். ஓர் இடத்து நண்டை வேண்டாம் என்று எழுதும் அரசு, அதை நம்பியிருந்த வீடுகளுக்கு முட்டையோ பருப்போ கூடுதலாகத் தருவதற்கும் வழிசெய்ய வேண்டும். அங்கன்வாடிகள் அதற்குப் போதுமான கட்டமைப்பு. கர்நாடகத்தோடு நீரின் அளவு குறித்துப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் இந்த எண்களையும் மேசையில் வைக்கலாம். நீரின் தரத்தைப் பற்றித் தமிழகம் இதுவரை பெரும்பாலும் நுரையின் படங்களைக் காட்டித்தான் பேசியிருக்கிறது. வரும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயல்களில் சிறுவர்கள் நண்டு வளை தேடத் தொடங்கும்போது முதல் மாதிரிகளை எடுத்துவிட முடியும்.